பிசாசும் ஊர்க்கட்டும்

பிசாசு உண்டா, இல்லையா என்கின்ற விவகாரத்தை நாம் இன்று மறுபடியும் கிளப்ப வரவில்லை. அது இல்லையென்பதற்கு வேண்டிய காரணங்களை நம் வாசகர்கள் நம்மைவிட நன்றாகவே எடுத்துச் சொல்லக்கூடியவர்கள். ஆனால், இல்லாத ஒரு பிசாசைப் பற்றி இத்தனை காவியங்களும், கதைகளும், நாடகங்களும் ஏன் உண்டாயின என்பதும், படித்தவன் படிக்காதவன் என்கின்ற வித்தியாசமில்லாமல் ஜனங்கள் அதை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் வேறு சங்கதியாகும். அதைப் பற்றியே சிறிது எழுத எண்ணுகின்றோம்.

இதற்குக் காரணம் கிராமங்களிலிருந்து தோழர்கள் நமக்கு எழுதும் கடிதங்களேயாகும். அக்கடிதங்களில் பல ஒரே மாதிரியாகத்தான் முடிகின்றன. "நீங்கள் சொல்லுவதெல்லாம் சரிதான், எனக்கும் இவற்றில் ஒன்றிலும் நம்பிக்கை கிடையாது, ஆனால் அம்மன் கொடைக்கு வரி கொடுக்கமாட்டேனென்று சொன்னால் ஊரில் என்னைத் தள்ளி வைத்துவிடுவார்கள், என் பெண்ணை யார் கட்டுவார்கள்? என் வீட்டுச் சாவுக்கு யார் வந்து தோள் கொடுப்பார்கள்?" என்பதே அதன் சாரம். இதைக் கோழைத்தனம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது மேடைப் பிரசங்கத்திற்குச் சுலபமாயிருக்கலாம். பிரசங்கம் செய்கிறவர் அன்று இரவே ரயிலேறிப் போய்விடுவார். கேட்டவன்தான் மறுநாள் அதே தெருவில் அதே கிணற்றில் தண்ணீர் எடுக்க வேண்டியவன். ஆகையால் அந்தத் தோழர் கேட்பது நியாயமான கேள்வியென்றே நாம் கருதுகிறோம். அவர் பிசாசுக்குப் பயப்படவில்லை, தனியாகிவிடுவதற்குத்தான் பயப்படுகிறார்.

நம் நாட்டுச் சங்கதியைக் கொண்டு இதை விளக்கினால், உடனே ஜாதித் துவேஷம், மதத் துவேஷம் என்கின்ற கூச்சல் கிளம்பும். ஆதலால், 300 வருஷத்திற்கு மேற்பட்ட அமெரிக்கா தேசத்துக் கிறிஸ்தவர்களின் சங்கதி ஒன்றையே எடுத்துக்கொள்ளுவோம். மாசாசூசெட்ஸ் என்னும் மாகாணத்தில் சேலம் என்று ஓர் ஊர். (நமது சேலத்திற்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தமில்லை.) இங்கிலாந்தில் தங்கள் மனப்படி கடவுளைத் தொழ விடவில்லை என்று கப்பலேறிப் போன பியூரிட்டன்கள் என்கின்ற பக்தர்கள் குடியேறிய நாடு அது. தங்களுக்குச் சுதந்திரம் வேண்டுமென்று போனவர்கள், போய்ச் சேர்ந்ததும் செய்த காரியம் என்னவென்றால், சபையில் அங்கத்தினனாகச் சேர்க்கப்பட்டவனுக்குத்தான் ஓட்டு என்று 1631ல் விதி செய்துகொண்டதேயாகும். சபையில் சேருவதென்றாலோ சும்மா அல்ல. தனக்குள் கடவுளின் கிருபை எப்படி வந்தது என்பதை மற்றவர்கள் முன்னிலையில் எடுத்துச் சொல்லி, அவர்கள் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதாவது, மோட்சத்திற்குப் போகும் டிக்கட்டும், ஊரில் மனிதனாக நடமாடும் டிக்கட்டும் ஒரே ஜன்னலில்தான் கொடுக்கப்பட்டன. 1691ல் இங்கிலாந்து ராஜாங்கம் கொடுத்த புது சாசனம் ஓட்டுக்குச் சபையை விட்டுச் சொத்தை அளவாக வைத்தது. ஆனால் அதற்குள் 60 வருஷம் ஊறிப்போய்விட்டது.

அடுத்த வருஷம், 1692ல், அவ்வூர்ப் பாதிரி சாமுவேல் பாரிஸ் வீட்டில் 9 வயதுப் பெண்ணும், அவர் வளர்த்த 11 வயதுப் பெண்ணும் கை கால்களை முறுக்கிக்கொண்டு கத்த ஆரம்பித்தார்கள். வைத்தியருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததற்கெல்லாம் இருக்கவே இருக்கிறது பிசாசு. சூனியம் வைத்தவர் யார் என்று நெருக்கிக் கேட்கவே, மூன்று பெயர்கள் வெளிவந்தன. அந்த மூன்று பேர் யார் என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டுகிறோம். ஒருத்தி பாதிரி வீட்டு அடிமை டிடுபா. மற்றொருத்தி வீடு வாசலில்லாமல் பிச்சையெடுத்துத் திரிந்த சாரா குட். மூன்றாமவள் சாரா ஆஸ்போர்ன், நெடுநாளாய்க் கோயிலுக்குப் போகாதவள்; அவள் மறுமணத்தைப் பற்றியும் சொத்து விவகாரத்தைப் பற்றியும் ஊரில் வம்பு பேசப்பட்டவள். பிசாசு எவ்வளவு கெட்டிக்காரனாயிருந்தால், ஊரில் யாருக்கு ஆதரவில்லையோ அவர்கள் வீட்டு விலாசத்தை மாத்திரம் அவ்வளவு சரியாகக் கண்டுபிடித்திருப்பான்!

டிடுபா முதலில் மறுத்தாள், பிறகு ஒப்புக்கொண்டாள். பிசாசு ஒரு புத்தகம் கொண்டுவந்ததாகவும், தானும் அதில் அடையாளமிட்டதாகவும், அதில் மொத்தம் ஒன்பது அடையாளங்கள் இருந்ததாகவும் சொன்னாள். பிடிபட்டது மூன்று பேர்தானே, மீதிப் பேர் எங்கே என்று ஊர் முழுதும் தேட ஆரம்பித்தது. இந்தப் புத்தகச் சங்கதிதான் நாம் சொல்ல வந்த விஷயத்தின் உயிர்நிலை. பிசாசு என்று அவர்கள் கற்பித்துக்கொண்டது வேறொன்றுமல்ல, தங்கள் சபையையே தலைகீழாகக் கவிழ்த்ததுதான். சபைக்கு ஓர் உடன்படிக்கை உண்டு, பிசாசுக்கும் உடன்படிக்கை உண்டு. சபையில் ஞானஸ்நானம் உண்டு, பிசாசிடமும் ஞானஸ்நானம் உண்டு. சபையில் அப்பமும் திராட்சை ரசமும் பங்கிடப்படும். பாதிரி வீட்டுக்குப் பின்னால் மைதானத்தில் பிசாசின் கூட்டமும் அப்படியே பந்தி போட்டதாகச் சாட்சி சொல்லப்பட்டது. மனிதனுக்கு எதில் ஆசையோ அதையே அவன் பயப்படும் உருவத்திலும் காண்கிறான் என்பதற்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

நிற்க, அந்தக் கோர்ட்டு நடந்த விதத்தையும் சொல்லவேண்டும். ஒருவனுடைய உருவம் ராத்திரியில் வந்து தன்னைக் கிள்ளியதாக ஒரு பெண் சொன்னால், அவன் அந்நேரம் தன் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளோடு தூங்கினதற்குச் சாட்சி இருந்தாலும் பிரயோஜனமில்லை. போனது உருவம் தானே! இதற்குப் பதில் சொல்ல யாரால் ஆகும்? குற்றத்தை ஒப்புக்கொண்டு, கூட இருந்தவர்கள் இன்னின்னார் என்று பெயர் சொன்னவர்கள் சுமார் 50 பேர். அவர்களில் தன் வார்த்தையைக் கடைசி வரையில் மாற்றாதிருந்த ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. "நான் சூனியக்காரியல்ல" என்று சத்தியத்தைச் சொன்னவர்களே தூக்கில் தொங்கினார்கள். அந்த வருஷம் ஜூன் முதல் செப்டம்பர் வரையில் தூக்கிலிடப்பட்டவர்கள் 19 பேர். பெண்கள் 14, ஆண்கள் 5. பதில் சொல்ல மறுத்த கைல்ஸ் கோரி என்கின்ற கிழவர் மார்பின்மேல் கல்லை ஏற்றிக் கொல்லப்பட்டார். ஜெயிலில் செத்தவர்கள் வேறு.

இவர்களில் ரெபெக்கா நர்ஸ் என்கின்ற கிழவியின் கதை ஒன்றே போதும். வயது 71. சபையில் நல்ல பெயரெடுத்த அங்கத்தினர். காது சரியாகக் கேளாது. ஜூரிகள் முதலில் இவள் குற்றவாளியல்ல என்றே தீர்ப்புச் சொன்னார்கள். உடனே அந்தப் பெண்கள் கோர்ட்டில் கூச்சலிடவே, பிரதம நீதிபதி ஜூரிகளைப் பார்த்து, ஒரு வார்த்தையை நீங்கள் யோசிக்கவில்லையே என்றார். அந்த வார்த்தை என்ன? ஏற்கனவே சூனியத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணைச் சாட்சி சொல்லக் கொண்டுவந்தபோது, இவள் எங்களில் ஒருத்தியாயிற்றே என்று கிழவி சொல்லிவிட்டாள். ஜெயிலில் எங்களோடு கிடந்தவளாயிற்றே, இவள் எப்படிச் சாட்சியாவாள் என்பதுதான் அவள் கருத்து. கோர்ட்டுக்கு அது பிசாசின் கூட்டத்தில் ஒருத்தி என்று பட்டது. இதற்கு என்ன அர்த்தமென்று ஜூரிகள் திரும்பவும் அவளைக் கேட்டார்கள். காது மந்தமும், மனத்துயரமுமாக நின்ற கிழவி பதில் சொல்லவில்லை. தீர்ப்பு மாறிற்று. தூக்குக்கு முன் சபையைக் கூட்டி அவளை முறைப்படி விலக்கியும் வைத்தார்கள். செத்து 20 வருஷம் ஆனபிறகு, 1712ல், அந்த விலக்கை ரத்து செய்தார்கள். "எங்களில் ஒருத்தி" என்கின்ற இரண்டு வார்த்தை ஒரு கிழவியின் கழுத்துக்குக் கயிறாயிற்று.

இன்னொருவர் ஜார்ஜ் பர்ரோஸ். இவரே முன்னாளில் அவ்வூரில் பாதிரியாயிருந்தவர். சூனியக்காரனால் கர்த்தர் ஜெபத்தைத் தப்பில்லாமல் சொல்ல முடியாதென்பது அவர்கள் சாஸ்திரம். ஆகஸ்ட் 19ந் தேதி தூக்குமரத்தடியில் நின்று இவர் அந்த ஜெபத்தை ஓர் எழுத்துத் தப்பாமல் சொல்லி முடித்தார். ஜனங்கள் கலங்கிப்போய்விட்டார்கள். அப்போது குதிரைமேலிருந்த காட்டன் மாதர் என்கின்ற பெரிய பாதிரி, பிசாசு ஒளியுள்ள தேவதூதனைப்போலவும் வேஷம் போடுவான் என்று ஜனங்களுக்குச் சமாதானம் சொல்ல, தூக்கு நடந்தது. தப்பாகச் சொன்னாலும் பிசாசு, சரியாகச் சொன்னாலும் பிசாசு. நம் ஊர்க் கோடாங்கி இந்த மாதர் பாதிரியிடம் இரண்டு வருஷம் பாடம் படிக்கலாம்.

இந்த விசாரணைகளில் முன்னின்ற நீதிபதிகளில் ஒருவர் ஜான் ஹாதோர்ன். அவருடைய தகப்பனார் வில்லியம், குவேக்கர்கள் என்கின்ற வேறு பிரிவாரைச் சவுக்கால் அடிப்பித்ததற்குப் பெயர் பெற்றவர். இந்த வமிசத்தில் 1804ல் அதே சேலத்தில் பிறந்தவர்தான் நத்தானியல் ஹாதார்ன் என்கின்ற ஆசிரியர். தன் முன்னோரின் செய்கைக்காகத் தான் வெட்கத்தை ஏற்றுக்கொள்ளுவதாகப் பகிரங்கமாய் எழுதினவர். இவர் 1835ல் வெளியிட்ட 'யங் குட்மேன் பிரவுன்' என்கின்ற சிறுகதையைப் படிக்க வசதியுள்ள தோழர்கள் அவசியம் படிக்கவேண்டும். புதிதாய்க் கல்யாணமான ஒரு வாலிபன், மனைவி தடுத்தும் கேளாமல், ஒரு சாயங்காலம் காட்டுக்குள் போகிறான். அங்கே பாம்பு போன்ற தடியுடன் ஒரு பெரியவர் கூட நடக்கிறார். இதுவரை என் குடும்பத்தில் யாரும் இந்த வழியில் வந்ததில்லை என்று வாலிபன் தயங்குகிறான். அதற்கு அப்பெரியவர், உன் பாட்டன் குவேக்கர் பெண்ணைத் தெருத்தெருவாய் அடித்தபோதும், உன் தகப்பன் செவ்விந்தியர் கிராமத்துக்குத் தீ வைத்தபோதும் கூட இருந்து உதவியது நான்தான் என்கிறார். ஆசிரியர் தன் வீட்டுப் பாட்டனைத்தான் கதைக்குள் நிறுத்தினார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. மேலே போகப் போக, தனக்கு வேதபாடம் சொல்லிக் கொடுத்த கிழவியும், பாதிரியாரும், சபைப் பெரியவரும் அதே வழியில் போவதைக் காண்கிறான். கடைசியில் காட்டு நடுவில் ஊரே கூடியிருக்கிறது. அவன் மனைவியும் அங்கே புதிதாய்ச் சேர நிற்கிறாள்.

இங்கே பிசாசு அவனுக்கு என்ன ஆசை காட்டுகிறது? பொன்னா, பெண்ணா, ராஜ்யமா? ஒன்றுமில்லை. எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள், நீ மாத்திரம் ஏன் வெளியே நிற்கிறாய் என்பது ஒன்றுதான். மனிதனை வசப்படுத்த இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை என்பதை ஹாதார்ன் நன்றாய் அறிந்திருந்தார். மில்டன் என்கின்ற ஆங்கிலக் கவி 1667ல் பாடிய பிசாசு பெரிய யுத்த வீரன், பெரிய பிரசங்கி. ஆனால் அவனைவிட இந்தத் தடி ஊன்றிய கிழப் பிசாசே நமக்கு உண்மையானவனாகத் தோன்றுகிறான். அவனை நாம் தினம் பார்க்கிறோம். "ஊரோடு ஒத்து வாழ்" என்று நமக்கு அவன் உபதேசம் செய்துகொண்டுதான் இருக்கிறான்.

அந்த வாலிபன் கடைசி நிமிஷத்தில் மறுத்துவிடுகிறான். கண் விழித்தால் காட்டில் தனியாக நிற்கிறான். நடந்தது நிஜமா, கனவா என்று ஆசிரியர் சொல்லவில்லை. மறுநாள் ஊருக்குள் வந்தால் எல்லோரும் வழக்கம்போலவே இருக்கிறார்கள். ஆனால் அவனுக்கு மாத்திரம் ஒவ்வொருவரும் பிசாசின் ஆளாகத் தெரிகிறார்கள். சாகும் வரையில் மனைவியையும் நம்பாமல், சிரிப்பில்லாமல் வாழ்ந்து சாகிறான். இக்கதையைப் பற்றிப் பாதிரிமார்களும் பண்டிதர்களும் பல வியாக்கியானம் செய்வதுண்டு. நமக்குத் தெரிவது இதுதான்: அவன் பாட்டன்மார் கோர்ட்டில் எந்தச் சாட்சியத்தை வைத்து அயலாரைத் தூக்கிலிட்டார்களோ, அதே சாட்சியத்தை, அதாவது ராத்திரியில் கண்ட உருவத்தை வைத்தே, இவன் தன் மனதுக்குள் ஊர் முழுவதையும் தூக்கிலிட்டுவிட்டான். பிசாசின் கூட்டத்தில் சேர மறுத்தானே ஒழிய, அது அயலாரைப் பற்றிச் சொன்னதை ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பிவிட்டான்.

இதே சேலத்தை வைத்து 1953ல் ஆர்தர் மில்லர் 'தி குரூசிபிள்' என்கின்ற நாடகத்தை எழுதினார். அமெரிக்காவில் கம்யூனிஸ்டு வேட்டை நடந்த காலம் அது. அந்த நாடகத்தில் ஜான் பிராக்டர் என்பவர் உயிருக்காக ஒப்புக்கொள்ளவும் துணிந்து, பிறகு அந்தக் காகிதத்தில் தன் பெயர் தொங்குவதற்குச் சம்மதிக்காமல் சாகிறார். 1956ல் பார்லிமெண்டுக் கமிட்டி முன் மில்லரையே கூப்பிட்டு, கூட்டாளிகளின் பெயரைச் சொல்லு என்றார்கள். அவர் மறுத்து, 1957ல் தண்டனை பெற்று, 1958ல் அப்பீலில் விடுதலையானார். நாடகம் நல்ல நாடகம்தான். ஆனால் பிராக்டருக்கும் ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கும் கள்ளக்காதல் இருந்ததாகக் கற்பித்தது அநாவசியமென்பது நம் அபிப்பிராயம். நிஜத்தில் பிராக்டருக்கு வயது சுமார் 60. அந்தப் பெண் 11 வயதுக் குழந்தை. அவர் மாட்டிக்கொண்டதற்குக் காதல் காரணமாக வேண்டியதில்லை. இந்தப் பெண்கள் நடிக்கிறார்கள், நாலு அடி கொடுத்தால் சரியாகிவிடும் என்று பலர் அறியச் சொன்ன மனிதர் அவர். சிரித்தவனும் பிசாசின் ஆளே.

இனி ஜெர்மனிக்குப் போவோம். 1814ல் வெளிவந்த 'பீட்டர் ஷ்லெமீல்' என்கின்ற சிறு நவீனத்தில் பிசாசு சாம்பல் நிறச் சட்டை போட்ட மிகவும் மரியாதைக்காரன். ஒரு பணக்காரர் தோட்டத்து விருந்தில் யார் எது கேட்டாலும், தூரதிருஷ்டிக் கண்ணாடி, ஜமுக்காளம், கூடாரம், மூன்று குதிரைகள் முதல்கொண்டு, தன் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறான். இவன் ஷ்லெமீல் என்கின்ற ஏழையிடம் வந்து, எவ்வளவு எடுத்தாலும் பொன் குறையாத ஒரு பையைக் காட்டி, இதற்குப் பதில் உன் நிழலைக் கொடு என்கிறான். நிழலால் என்ன பிரயோஜனம்? ஏழை கொடுத்துவிடுகிறான். பிசாசு புல்லின்மேல் கிடந்த நிழலைத் துணி மாதிரி சுருட்டி மடித்துக்கொண்டு போகிறான். அந்த நிமிஷம் முதல் ஷ்லெமீலுக்கு உலகத்தில் இடமில்லை. கிழவி பரிதாபப்படுகிறாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சேற்றை வாரி எறிகிறார்கள், நிச்சயமான பெண்ணைத் தகப்பன் கொடுக்க மறுக்கிறான். பொன்னை மூட்டை மூட்டையாய்க் கொட்டினாலும், உனக்கு நிழல் இல்லையே என்கின்ற ஒரே கேள்வி. ஒரு வருஷம் கழித்துப் பிசாசு திரும்பி வந்து, நிழலைத் தருகிறேன், ஆத்மாவை எழுதிக் கொடு என்கிறான். அவன் மறுத்து, பொன் பையையும் பாதாளத்தில் எறிந்துவிடுகிறான்.

இதை எழுதிய சாமிஸ்ஸோ என்பவர் பிரான்சில் ஒரு பிரபு குடும்பத்தில் 1781ல் பிறந்தவர். புரட்சியில் குடும்பத்தோடு ஓடி, பெர்லினில் வளர்ந்து, பிரஷ்யப் பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1813ல் பிரஷ்யா பிரான்சோடு யுத்தம் செய்தபோது, ஜெர்மானியருக்கு இவர் பிரெஞ்சுக்காரர், பிரெஞ்சுக்காரருக்கு ஜெர்மானியர். ஒரு சிநேகிதர் கிராமத்து வீட்டில் ஒதுங்கியிருந்தபோதுதான் இந்தக் கதையை எழுதினார். அந்த நிழல் என்ன என்று ஆளுக்கொரு அர்த்தம் சொல்லுகிறார்கள். நமக்கு அதில் அதிக மயக்கமில்லை. கையில் பிடிக்க முடியாதது, பசிக்கு உதவாதது, வெயிலுக்குப் போர்த்திக்கொள்ளவும் ஆகாதது, ஆனால் அது இல்லையென்றால் ஒருவனும் பெண் கொடுக்கமாட்டான்: அப்படிப்பட்ட சாமான் எதுவென்று நம் நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்களே! 1929ல் செங்கற்பட்டு மாகாண மாநாட்டில் பெயருக்குப் பின்னாலுள்ள ஜாதிப் பட்டங்களை விட்டுவிடுவதென்று தீர்மானித்து, பலர் அங்கேயே விட்டார்கள். ஊரில் அவர்களுக்கு நேர்ந்த கேலியும் எதிர்ப்பும் நிழலில்லாத ஷ்லெமீலுக்கு நேர்ந்ததேயாகும். ஒரு வித்தியாசம் உண்டு. அவன் பொன்னுக்கு விற்றான். இவர்கள் ஒன்றும் வாங்காமல் எறிந்தார்கள்.

மேரி ஷெல்லி 1818ல் எழுதிய 'பிராங்கன்ஸ்டைன்' கதையிலும், உருவாக்கியவனாலேயே கைவிடப்பட்ட அந்த விகாரப் பிராணி மில்டனின் காவியத்தைப் படித்துவிட்டு, சாத்தானுக்காவது கூட்டாளிகள் இருந்தார்கள், எனக்கு அதுவுமில்லை என்று அழுகிறது. அதனிடம் அன்பாய்ப் பேசினவர் ஒரு குருட்டுக் கிழவர் ஒருவர்தான். கண்ணுள்ள மகன் வந்ததும் அடி விழுந்தது. அதற்குப் பிறகே அது கொலைகாரப் பிசாசாக மாறிற்று.

ஆகவே நமக்குக் கடிதம் எழுதும் தோழர்களுக்கு நாம் சொல்லுவதென்னவென்றால், உங்கள் பயம் பொய்ப் பயமல்ல. பிசாசு பொய், ஊர்க்கட்டு நிஜம். மகாராஷ்டிரத்தில் சமூக விலக்கைக் குற்றமாக்கித் தனிச் சட்டமே செய்ய வேண்டி வந்தது 2016ல்தான். பீகாரில் பெண்களைச் சூனியக்காரி என்று சொல்லி இம்சிப்பதைத் தடுக்க 1999ல் சட்டம் செய்தார்கள். ஆதலால் தனியாய் நின்று தலையில் கல்லைப் போட்டுக்கொள் என்று யாருக்கும் நாம் உபதேசிக்கவில்லை. ஒரு ஊரில் மூன்று வீடு சேரட்டும். ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்ற இரண்டு வீடும் தோள் கொடுக்கட்டும். பெண் கொடுத்து வாங்கட்டும். பந்தியில் ஒன்றாய் உட்காரட்டும். நமது இயக்கத்தார் புரோகிதனில்லாமல் திருமணம் செய்துகொண்டபோது, அது ஐகோர்ட்டிலும் செல்லாதென்று சொல்லப்பட்டது. அப்படியிருந்தும் செய்துகொண்டே வந்ததால்தான் 1967ல் சட்டசபையில் சட்டமாகி, முன் நடந்தவையும் செல்லத்தக்கவையாயின. நாத்திகத் துண்டுப் பிரசுரம் ஒரு லட்சம் விநியோகித்தாலும், பாடைக்கு நாலாவது தோள் இல்லாதவனை அது ஊருக்கு எதிரே நிறுத்தாது.

அதோடு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சிலருக்குக் கசப்பாயிருக்கும். நம்மிலும் சில தோழர்கள், கறுப்புச் சட்டை போடாதவனையும், பொங்கலன்று தாயார் சொல்லுக்காகச் சூடம் கொளுத்தினவனையும், துரோகி என்றும் எதிரியின் ஒற்றன் என்றும் பேசக் கேட்கிறோம். இப்படிப் பேசுகிறவர்கள் தங்களை அறியாமலே ஒரு சபையும் ஒரு பிசாசும் உண்டாக்கிக்கொள்ளுகிறார்கள். சந்தேகம் கேட்கிறவனை வெளியே தள்ளுவது பாரிஸ் பாதிரியின் வேலையாகும். நமக்கு அந்த வேலை வேண்டாம்.

கடைசியாக சேலம் வழக்கில் பாக்கியிருந்த ஒரு சங்கதி. 1711ல் மாசாசூசெட்ஸ் சட்டசபை பலருடைய தண்டனையை ரத்து செய்து நஷ்டஈடும் கொடுத்தது. விட்டுப்போன மற்றவர்களுடைய பெயர்களும் 1957லும் 2001லும் சட்டத்தால் சுத்தமாக்கப்பட்டன. எலிசபெத் ஜான்சன் என்கின்ற பெண்ணின் பெயர் மாத்திரம் விட்டுப்போயிற்று. 22 வயதில் பிடிபட்டு, பயந்து ஒப்புக்கொண்டு, 1693ல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, கவர்னரால் உயிர் தப்பியவள். தன் பெயர் விட்டுப்போயிற்றென்று 1712ல் அவளே மனுப்போட்டாள்; பலனில்லை. கல்யாணமாகாமல், பிள்ளையில்லாமல், 1747ல் இறந்துபோனாள். மற்றவர்களுக்காகப் பேரன்மார் மனுப்போட்டார்கள். இவளுக்குக் கேட்க ஆளில்லை. வடக்கு ஆண்டோவர் என்னும் ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் உபாத்தியாயினியின் உதவியுடன் பழைய தஸ்தாவேஜுகளைப் படித்து, கடிதம் எழுதி, சட்டசபை அங்கத்தினரைப் பிடித்து, 2022ல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்வித்தார்கள். அவளுக்கு அவர்கள் ஒரு விதத்திலும் உறவில்லை.